பந்தயத் திடலில் இறங்கிய பழுதுபார்ப்போர் இருவர்

சிராங்கூன் சாலைக்கு மேற்கே, ஏறக்குறைய அதற்கு இணையாகச் செல்லும் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். இன்று அங்கே குதிரையும் இல்லை, பந்தயமும் இல்லை. வாழையிலையிட்டு மீன்தலைக் கறி பரிமாறும் உணவகங்களும், பெரிய புத்தர் சிலையைக் கொண்ட கோயிலும், அடுக்குமாடி வீடுகளுமே கண்ணிற் படுகின்றன. எனினும் தெருப்பெயர் பொய் சொல்வதில்லை. சிங்கப்பூர் விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் 1842-இல் தோன்றிய கழகம், 1843-இல் தன் முதற்பந்தயத்தை இவ்விடத்தில் நடத்தியது. அதன்பின் தொண்ணூறு ஆண்டுக்காலம் குதிரைகள் இங்கு ஓடின. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. திடலோ, நகராண்மைக் கழகத் தலைவராக 1919 முதல் 1931 வரை பணியாற்றிய ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரைத் தாங்கி ஃபேரர் பார்க் ஆயிற்று.

இத்திடல் கண்ட நிகழ்ச்சிகள் பல. 1911 மார்ச் 16-இல் பெல்ஜிய நாட்டவரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரின் வானில் முதல் விமானத்தை இங்கிருந்தே எழுப்பிக் காட்டினார். 1942 பிப்ரவரி 17-இல், பிரிட்டிஷ் படை சரணடைந்த இரண்டாம் நாள், பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் இப்புல்வெளியில் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் கதையை எழுதுவோர் அந்நாளைத் தவிர்த்து எழுத இயலாது. அவற்றையெல்லாம் தனியே ஆராய்தல் வேண்டும். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது 1919 டிசம்பர் 4 என்னும் ஒரு நாளை. அந்நாளிலும் ஒரு நிமிடத்தை.

அன்று இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானம் ஒன்று இங்கே இறங்கிற்று. இச்செய்தியைச் சுருக்கிச் சொல்பவர்கள், "ஸ்மித் சகோதரர்கள் வந்து இறங்கினர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பிழையான கூற்றன்று. ஆனால் அவ்விமானத்தில் வந்தவர்கள் நால்வர். முன்னிருக்கையில் இருந்த இருவர் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார். பின்னிருக்கையில் இருந்த இருவர் ஜேம்ஸ் மாலட் பென்னெட், வால்ட்டர் ஹென்றி ஷியர்ஸ் என்னும் இயந்திரப் பழுதுபார்ப்போர். சுருக்கும்போது விழுந்துவிடும் பெயர்கள் எப்பொழுதும் பின்னிருக்கைப் பெயர்களாகவே இருப்பது ஏன் என்பதே இக்கட்டுரைக்குக் காரணமான கேள்வி.

1919 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் முதலில் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன். 1920-ஆம் ஆண்டு முடிவதற்குள் பயணம் நிறைவுற வேண்டும். விமானம் பிரிட்டிஷ் பேரரசுக்குள் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. வேலையற்றுப் போன விமானிகள் பலர் இருந்தனர். வேலையற்றுப் போன விமானங்களும் இருந்தன. பலர் புறப்பட்டனர். சிலர் புறப்பட்ட அன்றே மாண்டனர். ஒருவரது விமானம் கிரீட் தீவில் வீழ்ந்து நொறுங்கியது. பரிசுக்குரியவர் அல்லராயினும், பிரெஞ்சு விமானி பூலே என்பாரும் தம் பழுதுபார்ப்பாளர் பெனுவாவுடன் பாரிசிலிருந்து அக்டோபரிலேயே கிளம்பி, பர்மா வரையிலும் முந்தி வந்தார். அங்கே ஸ்மித் குழுவினர் அவரை எட்டிப் பிடித்தனர். அதற்குப் பின் அவருடைய சிறிய விமானம் இயந்திரக் கோளாற்றால் பயணத்தைத் தொடர முடியாமற் போயிற்று. போட்டி வேகத்தால் வெல்லப்படும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். வழியில் பழுதை நீக்கத் தெரிந்தவர்களே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ராஸ் ஸ்மித் இதனை முன்னரே உணர்ந்திருந்தார் எனலாம். பாலஸ்தீனப் போர்முனையில் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் முதலாம் பிரிவில் அவர் விமானியாக இருந்தபோது, பென்னெட்டும் ஷியர்ஸும் அதே பிரிவில் இயந்திர வேலை பார்த்தவர்கள். 1918-ஆம் ஆண்டின் இறுதியில் கெய்ரோவிலிருந்து கல்கத்தாவுக்கு முதன்முதலாகப் பறந்த விமானத்திலும் இவர்கள் உடன் சென்றனர். ஆகவே, பெரும்பயணத்துக்கு ஆள் தேட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

அவர்கள் ஏறிய விக்கர்ஸ் விமி என்னும் விமானத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகு. சிறகின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். ஒவ்வொன்றும் 360 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் இயந்திரங்கள் இரண்டு. ஓர் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். எனவே இரண்டு இயந்திரத்திலும் நாற்பத்தெட்டுப் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். இருக்கைகளுக்குக் கூரை கிடையாது. மழை முகத்தில் அறையும். விமானத்தின் பதிவெழுத்துகள் ஜி, ஈ, ஏ, ஓ, யூ என்பன. அவ்வெழுத்துகளை முதலாகக் கொண்டு, "கடவுளே எங்கள் எல்லாரையும் காப்பாற்றும்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றை அவர்கள் வேடிக்கையாகக் கட்டிக்கொண்டனர். வேடிக்கை என்று சொன்னாலும் அதில் உண்மையும் இருந்தது.

1919 நவம்பர் 12-இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹவுன்ஸ்லோவில் புறப்பட்டு, டிசம்பர் 10-இல் டார்வினை அடைந்தனர். கடந்த தொலைவு ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட காலம் 27 நாளும் 20 மணியும், அஃதாவது 668 மணி நேரம். அதில் வானில் பறந்தது ஏறத்தாழ 136 மணி நேரமே. மாணவர்கள் கழித்துப் பார்க்கட்டும்: 530 மணி நேரத்துக்கு மேல் விமானம் தரையில் இருந்தது. பறந்த நேரத்தின் கதை நூல்களில் விரிவாக வந்துவிட்டது. தரையில் இருந்த நேரத்தின் கதை பெரும்பாலும் பென்னெட், ஷியர்ஸ் ஆகிய இருவரின் கதையாகும். ஊருக்கு ஊர் வரவேற்பு, விருந்து, அதிகாரிகளின் கைகுலுக்கல். அவை நடந்த வேளைகளிலும் இவர்களுக்கு இயந்திர வேலை காத்திருந்தது. சகோதரர் இருவரும் சும்மா இருந்தவர்கள் அல்லர். எரிபொருள் நிரப்பும் வேலை அவர்களுடையதாக இருந்தது. ஆயினும் இயந்திரத்தைத் திறந்து பார்த்து, "நாளைக்குப் போகலாம்" என்று சொல்லத் தகுதியுடையவர்கள் பின்னிருக்கைக்காரர்களே.

அவர்கள் பழுது பார்த்த இடங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. பட்டறை என்று சொல்லத்தக்கது வழியில் அரிது. இத்தாலியின் பைசா நகரில் தொடர்மழையால் சேறாகிக் கிடந்த வெளியில் சக்கரங்கள் புதைந்தன. விமானம் முன்புறமாகக் கவிழ்ந்துவிடாதபடி பென்னெட் தம் உடல் எடையை வாலின்மீது வைத்து அழுத்திக்கொண்டிருந்து, விமானம் ஓடத் தொடங்கியதும் கூடவே ஓடித் தாவினார்; ஷியர்ஸ் அவரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். மெசப்பொட்டேமியாவின் ரமாடியில் இரவில் வீசிய சூறைக்காற்று விமானத்தைப் புரட்டிவிடும் நிலை வந்தது. அங்கே முகாமிட்டிருந்த இந்தியக் குதிரைப்படை வீரர் ஏறத்தாழ ஐம்பது பேர் இரவோடிரவாக அதனைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அவர்கள் எந்த ஊரார், எந்த மொழியினர் என்பதெல்லாம் எந்தப் பதக்கத்திலும் பொறிக்கப்படவில்லை. வழியில் எரிகலவை செல்லும் குழாயொன்று வெடித்தபோது, மெல்லும் பசையை மென்று அப்பி, அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிச் சரி செய்தனர். 1992 முதல் சிங்கப்பூரில் விற்பனை தடுக்கப்பட்ட அந்தச் சுயிங் கம் இப்படியும் ஒரு நற்செயல் புரிந்திருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லலாமா, கூடாதா என்பதை ஆசிரியப் பெருமக்களே முடிவு செய்துகொள்க.

இனி, அக்காலத்தில் விமானம் இறங்குவதற்கு இடம் ஏது? டில்லி, அலகாபாத் ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே வர வர விமான நிலையம் என்பதே அருகிவிட்டது. கல்கத்தாவில் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினர். இரங்கூனிலும் அவ்வாறே. ஆங்கிலேயர் ஆண்ட நகரங்களில் கோயிலோ குளமோ கட்டடமோ குறுக்கிடாத நீண்ட புல்வெளி என்றால் அது பந்தயத் திடல்தான். குதிரைக்காக வகுத்த வட்டத்தில் இயந்திரப் பறவை வந்து அமர்ந்தது. பேங்காக்குக்குத் தெற்கே சயாம் நாட்டின் சிங்கோராவில், அஃதாவது இன்றைய சொங்க்லாவில், மரங்களை வெட்டினார்களேயன்றி அடிக்கட்டைகளை எடுக்கவில்லை. அக்கட்டைகளுக்கு நடுவே இறங்கியதில் சக்கரங்கள் தப்பின. வாலின் அடியிலிருந்த சறுக்குக் கட்டை பிய்ந்து போயிற்று. அதனைச் சரி செய்த பிறகே டிசம்பர் 4-இல் சிங்கப்பூரை நோக்கி எழ முடிந்தது.

அந்தச் சறுக்குக் கட்டைக்கும் ஃபேரர் பார்க்கில் நடந்ததற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆதலின் அதன் பயனைச் சிறிது விளக்க வேண்டும். அக்கால விமானச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. தரையைத் தொட்ட விமானம் வாலைத் தாழ்த்தும்போது, வாலின் அடியிலுள்ள கட்டை மண்ணைக் கீறிக்கொண்டு வரும். அந்த உராய்வே வேகத்தைத் தணிக்கும். வால் எவ்வளவு விரைவில் தாழ்கிறதோ அவ்வளவு விரைவில் விமானம் நிற்கும். விமி போன்ற பெரிய விமானத்துக்கு நீண்ட ஓட்டம் தேவை. சிங்கப்பூர்ப் பந்தயத் திடலோ சிறியது. மேலிருந்து பார்த்த ராஸ் ஸ்மித்துக்கு ஐயம் எழுந்தது. இறங்கினால் திடலுக்குள் நிற்குமா? நில்லாவிடில் எல்லையிலுள்ள வேலியிலும் மரத்திலும் மோதும்.

அப்போது பென்னெட் ஒன்று செய்தார். விமானம் இன்னும் காற்றில் இருக்கும்போதே பின்னிருக்கையிலிருந்து வெளியேறி, விமான உடலின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே சென்று வாலை அடைந்தார். கயிறு கட்டிக்கொண்டு செய்யும் சர்க்கஸ் வித்தையன்று இது. கைப்பிடி தவறினால் கீழே தரை. அவருடைய எடை வாலை அழுத்திற்று. சக்கரம் நிலத்தைத் தொட்டவுடன் வால் தாழ்ந்தது. கட்டை புல்லைக் கீறிற்று. ஏறத்தாழ நூறு கெஜத்துக்குள் விமானம் நின்றது. இதனை ராஸ் ஸ்மித்தே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்நேர்மைக்காக அவரைப் பாராட்ட வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் ஓடிய சிராங்கூன் வட்டாரத்துக்கு அன்று அது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். பைசாவில் தரையில் நின்று கைக்கொண்ட முறையையே ஃபேரர் பார்க்கில் பென்னெட் வானில் வைத்துக் கைக்கொண்டார் என்பதையும் கருத வேண்டும். எந்தக் கையேட்டிலும் அது எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு கிடைத்த ஓர் அனுபவத்தை, முற்றிலும் வேறான இடத்துக்கு, நொடிப்பொழுதில் பொருத்திப் பார்த்த அறிவு அது. வீரம் என்று மட்டும் சொல்லி அதனைச் சிறுமைப்படுத்தலாகாது.

மறுநாள் ஐந்தாந்தேதி பறக்கவில்லை. இயந்திரங்களைப் பரிசோதிக்கும் வேலை இருந்தது. ஆறாந்தேதி புறப்பட்டனர். திடல் குறுகியதாகையால் எழும்புவதும் இறங்குவதைப் போலவே இடர் மிகுந்ததாக இருந்தது. சாவாவின் கலிஜாத்தியை அடைந்து, ஏழாந்தேதி சுரபாயாவில் இறங்கியபோது விமானம் சேற்றில் புதைந்தது. அவ்வூர் மக்கள் தங்கள் வீட்டு மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து விரித்துப் பாதை அமைத்துத் தந்தனர். பாய்களின்மேல் ஓடி விமானம் எழுந்தது. வென்றவர்களின் பட்டியலில் அந்தப் பாய்களும் இடம்பெறத் தக்கவை என்பது என் கருத்து.

டார்வினை அடைந்ததும் சிறப்புகள் வந்தன. சகோதரர் இருவருக்கும் சர் பட்டம். பழுதுபார்ப்போர் இருவருக்கும் அவர்கள் முன்னரே பெற்றிருந்த வான்படைப் பதக்கத்தின்மேல் ஒரு பட்டையும், மதிப்புநிலை லெப்டினன்ட் என்ற பதவியும். படித்தரம் பார்த்தே பட்டம் வழங்குவது அக்கால மரபு. ஆனால் 10,000 பவுனைப் பங்கிடும் உரிமை அரசிடம் இல்லை. ராஸ் ஸ்மித் அதனை நால்வருக்கும் சமமாகப் பிரித்தார். அரசு வகுத்த அளவு ஒன்று. உடன் பறந்தவன் வகுத்த அளவு மற்றொன்று. இவற்றுள் எது சரியான கணக்கு என்று வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். டார்வினுக்குப் பிறகும் வேலை ஓயவில்லை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் சுழல்விசிறி பிளந்தபோது தகரத் தகட்டை வைத்துத் திருகாணியால் பிணைத்தனர். சார்லவில்லில் இயந்திரம் முற்றிலும் பழுதுபட, அதை இப்ஸ்விச் ரயில்வே பட்டறைக்கு அனுப்பிச் சீரமைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலிருந்து வருவதற்கு 28 நாள். அந்தப் பழுதினால் ஒரே ஊரில் காத்திருந்ததோ அதைவிட நெடுநாள்.

இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மனிதன் நெடுந்தொலைவு சென்று, கிடைத்ததைக் கொண்டு அதனை உயிர்ப்பிக்கும் இத்தொழில் விமானத்தோடு நின்றுவிடவில்லை. நம் பள்ளி அலுவலகத்தின் மூலையில் நிற்கும் நகலெடுக்கும் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் அதைப் போட்டோஸ்டாட் மெஷின் என்றே பலரும் சொல்கிறோம். மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, மையுருளையைச் சுற்றிக் கேள்வித்தாள் எடுத்த ஆசிரியர்களுக்கு அதன் அருமை தெரியும். செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938 அக்டோபர் 22-இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் ஓர் எளிய அறையில் முதல் உலர்நகலை எடுத்தார். அம்முறையில் அமைந்து 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 என்னும் இயந்திரம் ஏறத்தாழ 300 கிலோ எடை உடையது. சில வேளைகளில் உள்ளே தாள் தீப்பற்றும். அதற்கென அணைப்பான் ஒன்றையும் உடன் தந்தனர். இத்தகைய இயந்திரத்தை விலைக்கு விற்பதைவிட வாடகைக்கு விடுவதையே நிறுவனம் முதன்மையாகக் கொண்டது. வாடகைக்கு விட்டதனால் பழுது பார்க்கும் பொறுப்பும் அதனுடையதே ஆயிற்று. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் ஆட்படை ஒன்று உருவாயிற்று.

அவர்கள் செல்லாத இடமில்லை. வங்கி, மருத்துவமனை, சிறைச்சாலை, தூதரகம் என எங்கும் நகல் தேவை. 1960-களில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்து நகல் இயந்திரத்துக்குள் அமெரிக்க உளவுத்துறை சிறு படக்கருவி ஒன்றை மறைத்து வைத்ததும், பழுது பார்க்கச் செல்லும் ஆளைக் கொண்டே படச்சுருளை மாற்றியதும் பின்னாளில் வெளிவந்த செய்தி. கதவு திறக்கப்படும், ஆள் யாரென்று எவரும் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். உளவுத்துறைக்கு அது நன்கு தெரிந்திருந்தது.

இவர்களை உண்மையாகவே உற்று நோக்கியவர் ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர். முன்பு தாமே பழுதுபார்ப்பாளராக இருந்த அவர், அமெரிக்காவில் நகல் இயந்திரத் தொழிலாளரோடு வாடிக்கையாளர் இடங்களுக்குச் சென்று, உணவு வேளைகளில் உடனிருந்து, 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். நிறுவனம் தந்த கையேட்டில் இல்லாத கோளாறுகளே அவர்களை வாட்டின. அவற்றை அவர்கள் தீர்த்தது ஒருவருக்கொருவர் கதை சொல்லி. "அந்த அலுவலகத்தில் இப்படி நின்றது, நான் இதைச் செய்து பார்த்தேன்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லும் ஒரு கதை, அடுத்த வாரம் வேறோர் ஊரில் வேறோர் இயந்திரத்தை ஓடவைக்கும். பைசாவின் சேற்றில் கற்றது சிங்கப்பூரின் வானில் பயன்பட்டதும் இவ்வகையே. அறிவு ஏட்டில் மட்டும் தங்குவதில்லை என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். அதற்கு மேற்கோள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடுத்தமுறை பள்ளிக்குப் பெட்டியோடு வருபவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும்.

தமிழர்க்கு இது புதிய எண்ணமும் அன்று. புறநானூற்றில் பொன்முடியார், ஓர் இளைஞன் போருக்கு ஆயத்தமாவதற்குத் தாயும் தந்தையும் வேந்தனும் ஆற்ற வேண்டிய கடமைகளைச் சொல்லும்போது, அவர்களுக்கு நடுவே கொல்லனுக்கும் ஒரு கடமையைச் சொல்கிறார். வேந்தனைப் பாடும் அதே பாட்டில் உலைக்களத்தானும் இடம் பெறுகிறான். அப்பாட்டை ஆண்டுதோறும் நடத்தும் நாம், ஃபேரர் பார்க்கின் கதையைச் சொல்லும்போது விமானியோடு நிறுத்திக்கொள்வது முறையாகுமா? அத்திடலின் வட்டாரத்தில் புதிய வீடுகள் எழுப்பும் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. புல்வெளி குறையக் குறைய, அங்கே நடந்ததைச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஆசிரியரிடமே வந்து சேரும். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து மாணவர்களை நடத்தியே அழைத்துச் செல்லலாம். நூறு கெஜம் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் காலாலேயே அளந்து பார்க்கலாம்.

அந்த நால்வரில் ராஸ் ஸ்மித் உலகைச் சுற்றிப் பறக்கத் திட்டமிட்டு, 1922 ஏப்ரல் 13-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்சில் புதிய விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது அது சுழன்று வீழ்ந்தது. அவருடன் அன்று விமானத்தில் இருந்தவர் பென்னெட். இருவரும் மாண்டனர். சற்றுத் தாமதமாக வந்த கீத் ஸ்மித் தரையிலிருந்து அதைக் காண நேர்ந்தது. அவர் 1955-இல் மறைந்தார். கடைசியாக எஞ்சியிருந்தவர் ஷியர்ஸ். அவர் 1968 வரை வாழ்ந்தார். விமி விமானம் அடிலெய்டு விமான நிலையத்தில் காப்பாற்றி வைக்கப்பட்டுள்ளது. பென்னெட் சறுக்கிச் சென்ற முதுகையும், அமர்ந்த வாலையும் இன்றும் அங்கே காணலாம்.